தொட்டியில் எழுதாத தேதி

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு வெளியூர் ஆகாது. மொட்டை மாடியில் வடாம் காயவைக்கப் போனாலே வடக்கே சேர்வராயன் மலை நிற்கும். உச்சி மேகத்தில் மறைந்தால் "மேல மழை பிடிச்சிருச்சு" என்போம். ராத்திரியில் மலைப்பாதை ஏறும் வண்டிகளின் வெளிச்சம் மின்மினி போலத் தெரியும். சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போவோம். ஏரியில் படகு விட்டு, மிளகும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு சாயங்காலமே இறங்கிவிடுவோம். அங்கே குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நாற்பது வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இந்த முறை அதைக் கேட்கவே போனேன். போன மே மாதம் என் அக்கா மகள் கல்லூரித் தோழிகளோடு மலையில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். ஒரு மாதம் கழித்துக் கண் மஞ்சளித்தது. ஹெபடைடிஸ் ஏ என்று ரத்தச் சோதனையில் தெரிந்தது. கீழாநெல்லி, மோர், கஞ்சி என்று அக்கா ஆறு வாரம் அவளைப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். "எந்தத் தண்ணிடா இது?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிவர இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவள் விடுதியில் குடித்திருப்பாள், சாலையோரக் கடையில் குடித்திருப்பாள், கல்லூரியிலும் பஸ் நிலையத்திலும் குடித்திருப்பாள். இதில் எந்த இடத்தின் மேலும் பழி போட எங்களுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒன்று உறைத்தது. இத்தனை இடத்தில் ஓர் இடத்தில்கூட, அந்த வாரம் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று எழுதிவைத்த ஒரு தாள் கிடையாது.

ஐப்பசி கடைசியில் ஒரு காலை பஸ் ஏறினேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் காற்று மாறியது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே மூங்கிலும் முள்மரமும். பாதி மலைக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்க, அவற்றைப் பிடித்து மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அதன் நிழலில் காப்பிச் செடிகள். முதல் நாள் இரவு நல்ல மழை. அறுபதடிப் பாலத்துக்குக் கீழே ஓடை சத்தம் போட்டது. பாறை இடுக்குகளில் எல்லாம் நீர் கசிந்து ஜன்னலோரம் சாரலாகத் தெறித்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் கையை நீட்டி அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். அவன் அம்மா தடுக்கவில்லை. மலைத் தண்ணீர் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை அப்படிப்பட்டது.

ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே அமைந்த ஊர் என்பதால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டார். தோட்டங்கள் வந்தன, பங்களாக்கள் வந்தன, 1917-ல் மான்ஃபோர்ட் பள்ளி வந்தது. இப்போது ஒண்டிக்கடையைச் சுற்றித் தங்கும் விடுதிகள். தோட்டங்களுக்குள்ளேயும் வீட்டோடு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். மே மாதம் கோடை விழா நடக்கும்போது மலை தாங்காத கூட்டம். அத்தனை பேருக்கும் குளிக்க, குடிக்க, சமைக்கத் தண்ணீர் வேண்டும். ஊராட்சிக் குழாய் எட்டாத இடங்களில் விடுதிக்காரர்கள் தாங்களே போர் போட்டு, தாங்களே மோட்டார் வைத்து, தாங்களே தொட்டி கட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு விடுதிக்குப் பின்னாலும் ஒரு குட்டிக் குடிநீர் வாரியம் நடக்கிறது என்று சொல்லலாம்.

நான் தங்கிய விடுதியும் அப்படித்தான். பெயர் வேண்டாம், அங்கே கண்டதைப் பத்து இடத்தில் காணலாம். அறையைத் திறந்துவிட்ட காவலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"கேன் தண்ணி வேணுமாங்க சார்? இது மலைத் தண்ணிங்க. ஒண்ணும் பண்ணாதுங்க."

குடித்தேன். பனிபோல் குளிர்ச்சி, உப்பே தெரியாத இனிப்பு. கைகழுவப் போனால் சோப்பு நுரை கையை விட்டுப் போகவே இல்லை. சேலத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துணிக்கு எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. அடிவாரத்துக்கு அருகிலேயே சுண்ணாம்புக்கரடு என்று வெள்ளை வெளேரெனக் கிடக்கும் மேக்னசைட் நிலம் இருக்கிறது. அந்த மெக்னீசியம் கலந்துதான் கீழே தண்ணீர் கடினமாகிறது. மேலே பாறை வேறு. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கரும்பாறையால் ஆனது. சென்னை பரங்கிமலையிலும் இதே பாறைதான். அதன் மேல் பல லட்சம் வருஷ மழையில் ஊறிச் சிவந்த மண், உச்சிகளில் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் பாக்சைட் வெட்டி எடுத்தார்கள்.

இந்தப் பாறைக்குள் ஏரி போல நீர் தேங்கிக் கிடப்பதில்லை. மேலே மக்கிய மண் பஞ்சுபோல மழையைக் குடித்துவைத்திருக்கும். கீழே முழுப்பாறை, அதில் வெடிப்புகள். அந்த வெடிப்புகள் வழியாக நீர் இறங்கி, எங்கேயாவது சரிவில் ஊற்றாக வெளிவருகிறது. போர் போடுகிறவர்கள் அப்படி ஒரு வெடிப்பைத் தேடித்தான் துளைக்கிறார்கள். நல்ல மண்ணில் மெல்ல ஊறி இறங்கும் தண்ணீரை மண்ணே வடிகட்டிக் கொடுக்கும். பாறை வெடிப்புக்கு அந்தப் பொறுமை இல்லை. இன்று மழை கழுவிச் சென்ற அழுக்கு சில நாளில், சில இடங்களில் சில மணி நேரத்தில், போருக்குள் வந்துவிடும். கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. மலைத் தண்ணீரின் தெளிவை வைத்து மட்டும் அதை நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

* * *

மறுநாள் காலை காவலாளியிடம் கேட்டேன்: "அண்ணா, இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாத்துட்டு வரலாமா?"

அவருக்கு ஆச்சரியம். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். ஆனாலும் சந்தோஷமாகக் கூட்டிப்போனார். குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அறையிலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து சம்புக்கு, சம்பிலிருந்து போருக்கு.

மாடியில் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றின் மூடி காற்றில் பறந்துவிடாமல் மேலே ஒரு செங்கல். இன்னொன்றுக்கு மூடி விரிசல். அதற்கு மேல் தகரம். தகரத்தை எடுத்துப் பார்த்தேன். உள்சுவரில் விரலை ஓட்டினால் வழவழவென்று பச்சை ஒட்டியது. தண்ணீர் மேல் சில்வர் ஓக் இலைகள் இரண்டு மிதந்தன. குரங்குகள் மூடியைத் தள்ளிவிடும் என்றார். எப்போது கழுவினீர்கள் என்றேன். யோசித்தார். "சீசனுக்கு முன்னாடி கழுவினோமுங்க." சீசன் என்றால் மே மாதம். ஆறு மாதம் ஆகிறது.

சம்பு தரையோடு தரையாக இருந்தது. அதன் சிமென்ட் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து. இரவு மழை முற்றத்தில் ஓடியதன் மண்கோடு நேராக அந்தச் சந்துவரை வந்து நின்றிருந்தது. அதைக் காட்டினேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனை நாளாத் தெரியலீங்களே" என்றார்.

போர், தோட்டத்து ஓரத்தில். கேசிங் பைப் தரைக்கு மேல் ஓர் அடி நீண்டு, இரும்பு மூடியும் போட்டிருந்தது. அந்த மட்டில் நல்ல வேலை. ஆனால் பைப்பைச் சுற்றிச் சிமென்ட் மேடை இல்லை. மண் அரித்துக் குழி விழுந்திருந்தது. ஆழ்துளைக் கிணறு என்றால் ஐந்நூறு அடி ஆழத்துத் தண்ணீர் என்றே நாம் நினைக்கிறோம். கேசிங் பைப் இறங்குவது கடினப் பாறை தட்டும் வரைக்கும்தான். பைப்புக்கும் மண்ணுக்கும் இடையில் சரியாக அடைக்காவிட்டால், மேல் தண்ணீர் பைப்பின் வெளிப்பக்கமாகவே வழிந்து உள்ளே போய்விடும். அப்போது ஐந்நூறு அடி போரும் ஐந்தடிக் கிணறும் ஒன்றுதான்.

செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டேன். கட்டடத்துக்கு மேல்பக்கச் சரிவைக் காட்டினார். கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி, குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அங்கே அந்தத் தூரம் இருந்தது, எண்ணி நடந்தேன். ஆனால் சமவெளிக்குச் சரியான தூரம், சரிவும் பாறை வெடிப்பும் உள்ள மலையில் போதும் என்று நம்பிவிட முடியாது. அதுவும் மேல்பக்கம் கழிவு, கீழ்ப்பக்கம் போர் என்றால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை மலைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நான் பையில் நான்கு சிறு குப்பிகள் கொண்டுபோயிருந்தேன். குப்பிக்குள் மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, கதகதப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா இருக்கும் தண்ணீர் கறுத்துப்போகும். கண்டுபிடித்தது நம் நாட்டில்தான். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 1982-ல் இதை உலகுக்குச் சொன்னார்கள். ஆய்வகம் இல்லாத கிராமத்திலும் பள்ளிப் பிள்ளை செய்து பார்க்கக்கூடிய சோதனை. இது கடைசித் தீர்ப்பு ஆகாது, ஒரு எச்சரிக்கை மணி. கறுத்தால் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும்.

போரிலிருந்து நேராக மோட்டார் போட்டு ஒரு குப்பி. சம்பில் ஒன்று. மாடித் தொட்டிக் குழாயில் ஒன்று. நான்காவதை வைத்துக்கொண்டேன். துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ஏற்காட்டுக் குளிர் இந்தச் சோதனைக்கு ஆகாது. சேலத்துக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும்.

* * *

அன்று பகல் நாகலூர் பக்கம் போகும் சாலையில் இறங்கி, காப்பித் தோட்டம் வழியாகப் பிரியும் மண்பாதையில் நடந்தேன். காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. அரை மணி நடையில் ஒரு மலையாளிக் கிராமம். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்லும் தமிழ்ப் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்வார்கள்.

ஊருக்குக் கீழே பள்ளத்தில் ஊற்று. சுற்றிக் கல் வைத்துக் கட்டி, ஒரு மூலையில் மூங்கில் குழாய் சொருகி, அதில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குடத்தோடு வந்த ஒரு ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வா சாமி. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் செருப்பு போடக் கூடாது."

கழற்றினேன். இன்னும் கேட்டதில் மற்ற கட்டுப்பாடுகளும் தெரிந்தன. துணி துவைப்பது ஊற்றுக்குக் கீழே நூறு எட்டு தள்ளி. மாடு குடிப்பது அதற்கும் கீழே. மேலே சரிவில் யாரும் வெளிக்குப் போகக் கூடாது. சித்திரையில் ஊரே சேர்ந்து சேறு வாருவார்கள். மீறினால் ஊர்ப் பெரியவர் கூப்பிட்டுக் கேட்பார். எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஊற்றை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டால் ஊரில் உள்ள எல்லோருக்கும் பதில் தெரியும். ஊற்றுத் தண்ணீர் அத்தனையும் சுத்தம் என்று இதற்குப் பொருள் இல்லை. மழைக்காலத்தில் அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். நான் சொல்ல வருவது அங்கே ஒரு கண் இருக்கிறது என்பது.

ஊருக்குள் ஊராட்சி கட்டிய மேல்நிலைத் தொட்டியும் இருந்தது. அதன் தூணில் நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள்: சுத்தம் செய்த தேதி, அடுத்து சுத்தம் செய்யும் தேதி. தமிழ்நாட்டில் ஊர் ஊராக இதைப் பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது. நின்று படிப்பதே இல்லை. அன்றுதான் முதல்முறையாக நின்று படித்தேன். முதல் தேதி பத்து நாளுக்கு முந்தியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவி, தேதியை அழித்து எழுத வேண்டும். தொட்டி ஆபரேட்டர் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுவார். அரை மணி கழித்துத் தெருக்கோடிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். சில ஊர்களில் தேதி பழையதாகவே கிடப்பதும் உண்டு. அப்போதும் அந்தப் பழைய தேதி, வேலை நடக்கவில்லை என்பதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

முப்பது வீட்டுக்கான அந்தத் தொட்டியில் தேதி இருக்கிறது. மே மாத ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் குடிக்கும் விடுதித் தொட்டியில் எதுவும் இல்லை. அந்தப் பள்ளத்தில் நின்று யோசித்தபோது இந்தப் பயணத்தில் நான் தேடி வந்தது இதுதான் என்று புரிந்தது.

* * *

சாயங்காலம் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். மலையின் உச்சிச் சமவெளி. 1,600 மீட்டரைத் தாண்டிய உயரம். குனிந்து நுழைய வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலையும் ஆறும் ஒரே குகைக்குள் குடியிருக்கின்றன. குகை வழி காவேரிவரை போகிறது என்பது மலைமக்கள் நம்பிக்கை. நிலப்படத்தை விரித்தாலும் இந்த மலைக்கும் காவேரிக்கும் உள்ள தொடர்பு தெரிகிறது. இந்த மலையில் பெய்யும் மழைதான் திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் இறங்கிக் காவேரியில் சேர்கிறது. வாணியாறு இன்னொரு பக்கம் தர்மபுரி மாவட்டத்துக்குப் போகிறது. மேலே ஒரு விடுதிக்காரர் தன் செப்டிக் டேங்கை எப்படிக் கட்டுகிறார் என்பது அவர் சொந்த விஷயமாக முடிவதில்லை. அவருடைய போர் அவருடைய நிலத்தில் இருக்கிறது. அதற்குள் வரும் தண்ணீர் எல்லோருடைய நிலத்தையும் தொட்டு வருகிறது.

சட்டம் இதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டப்படி நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளலாம். இன்றுவரை அடிப்படை அதுவே. சென்னைப் பகுதிக்கு 1987-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கே வராமல் பத்து வருஷம் கிடந்து 2013-ல் ரத்தானது. 2014-ல் வணிகத்துக்காக நீர் எடுப்போருக்கு அனுமதி வேண்டும் என்று அரசாணை வந்தது. அதை எதிர்த்த வழக்குகளை 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020-ல் உரிமம் இல்லாத கேன் தண்ணீர் நிறுவனங்களை மூட உத்தரவானபோது ஊரே கேனுக்கு அலைந்தது நினைவிருக்கும்.

இவை பெரும்பாலும் எவ்வளவு எடுக்கிறாய் என்று கேட்கும் சட்டங்கள். எடுத்ததைப் பிறர் வாயில் ஊற்றும்போது அது எப்படி இருக்கிறது என்று கேட்பது வேறு. அதற்கும் விதி இல்லாமல் இல்லை. ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரம் தெளிவாகச் சொல்கிறது: 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உணவகங்களை ஆய்வு செய்ய வரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் படிவத்தில், தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தாள். இந்த மலையில் அந்த ஆறு மாதத்துக்குள் கோடைக் கூட்டம் வந்து போய்விடுகிறது, இரண்டு மழைக்காலம் தொட்டுவிடுகிறது. நடுவில் இருக்கும் நூற்றெண்பது நாளும் அந்தத் தண்ணீர் காவலாளி அண்ணனின் பொறுப்பு. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

சொல்லிக்கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஒரு பெரிய பாடம் வைத்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 4,800. நிலத்தடிக் கிணற்று நீர்தான் குடிநீர். 2000-ஆம் வருஷம் மே மாதம் பல நாள் கனமழை. பக்கத்து வயலில் போட்டிருந்த மாட்டுச்சாணம் கரைந்து, வெடிப்புப் பாறை வழியாக, ஐந்தாம் எண் கிணற்றுக்குள் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நீதிபதி ஓகானர் விசாரித்து எழுதிய அறிக்கையைப் படித்தால் நெஞ்சு கனக்கும். கிணற்றைப் பார்த்துக்கொண்டவர்கள் குளோரினை அளக்காமலே அளந்ததாகப் பதிவேட்டில் எழுதிவந்தார்கள். அவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்; நல்ல தண்ணீர் என்றே நம்பினார்கள். சோதித்த தனியார் ஆய்வகம், தண்ணீர் கெட்டிருக்கிறது என்ற முடிவை நீர் நிர்வாகத்துக்கு மட்டும் அனுப்பியது. சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று அன்று கட்டாயம் இல்லை. செய்தி வெளியே வரும்வரை குழந்தைகள் குடித்துக்கொண்டே இருந்தார்கள். சாணம் போட்ட விவசாயி மேல் எந்தத் தவறும் இல்லை என்று அறிக்கை சொன்னது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, எழுதியது பொய், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லவில்லை: ஏழு உயிர் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

வெடிப்புப் பாறை, கனமழை, பக்கத்தில் கழிவு, பயிற்சி இல்லாத பணியாள், தன் தண்ணீர் மேல் ஊருக்கு இருந்த பெருமை. கோயில் வாசலில் பனி இறங்க இறங்க, இதில் எது இந்த மலையில் இல்லை என்று எண்ணிப் பார்த்தேன்.

* * *

சேலம் திரும்பியதும் குப்பிகளைச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். நான்காவது குப்பியில் காய்ச்சி ஆறவைத்த எங்கள் வீட்டுத் தண்ணீரை ஊற்றி ஒப்பிடுவதற்கு வைத்தேன். முதல் நாள் எல்லாம் ஒரே நிறம். இரண்டாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது மாடித் தொட்டிக் குப்பி மை போலக் கறுத்திருந்தது. சம்புத் தண்ணீர் சாம்பல் நிறம். போர் தண்ணீர் மாறவில்லை. காய்ச்சிய நீரும் மாறவில்லை. அந்த நாலு குப்பியையும் வரிசையாக வைத்து அக்கா வெகுநேரம் பார்த்தாள். அவள் மகள் அந்த விடுதியில் தங்கவில்லை. ஆனாலும் அவள் கண் கலங்கிவிட்டது.

அன்று பூமி கொடுத்த தண்ணீரில் போர் குப்பி ஒரு குறையும் காட்டவில்லை. நடுவில் மனிதர் கட்டியவற்றில்தான் அது கெட்டிருந்தது: சம்பின் சந்து, விரிசல் மூடி, கழுவாத சுவர். மூன்றையும் ஒரு மேஸ்திரி அரை நாளில் சரிசெய்துவிடுவார். போர் மேடைக்கு இன்னும் அரை மூட்டை சிமென்ட்.

விடுதிக்கு போன் செய்து காவலாளியிடம் சொன்னேன். கோபப்படுவாரோ என்று தயங்கித்தான் தொடங்கினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எங்க புள்ளைங்களும் இதத்தான் குடிக்குதுங்க சார், என்ன பண்றது?" சொன்னேன். மூடியை மாற்றுங்கள், தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள், பிளீச்சிங் பவுடர் இந்த அளவு, அதுவரை காய்ச்சிக் குடியுங்கள், முதலாளியிடம் சொல்லிக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே கொடுக்கும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அதைக் கழுவக் கூடாது. குழாயை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "தொட்டி கழுவிட்டோமுங்க. பெயின்ட்டு வாங்கித் தேதியும் எழுதிட்டேன், நம்ம ஊருத் தொட்டியில இருக்கிற மாதிரியே."

இந்த ஒரு வரியைத்தான் ஏற்காட்டின் ஒவ்வொரு விடுதித் தொட்டியிலும் கேட்கிறேன். பிறருக்குக் குடிநீர் கொடுக்கும் தனியார் போர் எதுவானாலும், விடுதியோ பள்ளியோ தோட்டத்து லைன் வீடோ, அது ஊராட்சியின் கணக்கில் ஏற வேண்டும். தொட்டியில் தேதி எழுத வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சோதித்த தாளை வரவேற்பறையில் ஒட்ட வேண்டும். தண்ணீர் கெட்டிருந்தால் ஆய்வகம் நேராகச் சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய பணமோ புதிய இயந்திரமோ வேண்டாம். தமிழ்நாடு தன் கிராமத் தொட்டிகளில் ஏற்கெனவே செய்து பழகிய வேலைதான்.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. வரும் கோடையில் நீங்கள் மலை ஏறி அறை எடுக்கும்போது, கட்டணம் எவ்வளவு, வெந்நீர் வருமா என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். தொட்டியை எப்போது கழுவினீர்கள்? தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? பதில் வரும்வரை காய்ச்சிய தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள், பிள்ளைகளுக்கும் அதையே கொடுங்கள்.